வீட்டிலே காணொளி தொகுக்க ஏற்ற கணினி எது?

படம் பிடித்தல் இன்று எவர்க்கும் எளிதாகிவிட்டது. பிடித்த படத்தை வெட்டி, ஒட்டி, ஒழுங்குபடுத்தி, காண்போர் சலிப்படையா வண்ணம் அளிப்பதே கலையாகும். அக்கலையை வீட்டிலிருந்தவாறே பயில விழையும் இளைஞர் தொகை பெருகி வருகின்றது. "பிள்ளைக்கு எத்தகைய கணினியை வாங்கிக் கொடுக்கலாம்?" என்று பெற்றோர் பாடசாலைக்கு வந்து வினவுதலும் உண்டு. சிலர் நகையை ஈடு வைத்தும் கணினி வாங்க முற்படுகின்றனர். ஆதலின் இவ்வினாவை விளையாட்டாகக் கருதுதல் தகாது.

முதலில் இத்தொழில் கடந்து வந்த பாதையைச் சற்றே நோக்குவோம். 1956ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் அம்பெக்ஸ் நிறுவனம் காணொளியை நாடாவிற் பதியும் பொறியை வெளியிட்டது. அந்நாடாவைத் தொகுப்போர், கண்ணுக்குப் புலனாகாத காந்தப் பதிவை ஒரு திரவத்தின் உதவியாற் புலப்படச் செய்து, உருப்பெருக்கியினூடே நோக்கி, கூரிய அலகினால் வெட்டி ஒட்டினர். 1989ஆம் ஆண்டிலே அவிட் என்னும் நிறுவனம் கணினியைக் கொண்டு தொகுக்கும் சாதனத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. அன்று பெரிய நிலையங்கள் மாத்திரமே வாங்கக்கூடியதாயிருந்த அவ்வசதி, இன்று வீட்டு மேசைக்கே வந்துவிட்டது.

இனி, கணினி செய்யவேண்டிய வேலையின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். முழு உயர்தெளிவுப் படமொன்றில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 என்ற அளவிற் புள்ளிகள் உள்ளன. மொத்தம் 20 இலட்சத்துக்கும் சற்று மேல். புள்ளியொன்றுக்கு மூன்று பைற் எனக் கொண்டால், ஒரு படத்துக்கு ஏறக்குறைய 6 மெகாபைற் வேண்டும். செக்கனுக்கு 30 படங்கள் எனில், ஒரு நிமிடக் காட்சிக்கு 11 கிகாபைற் வேண்டும். நான்கு-கே எனப்படும் தெளிவிலோ இது நான்கு மடங்காகும்.

ஆனால், கைத்தொலைபேசியில் ஒரு நிமிட உயர்தெளிவுக் காட்சி நூறு மெகாபைற் அளவில் அடங்கிவிடுகிறதே, எங்ஙனம்? சுருக்குமுறையே காரணம். 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.265 என்பன பெருவழக்கான முறைகள். இவை ஒவ்வொரு படத்தையும் முழுமையாகச் சேமிப்பதில்லை. இடையிடையே ஒரு முழுப் படத்தை வைத்து, ஏனையவற்றில் முன்பின் படங்களுக்கும் அவற்றுக்குமுள்ள வேறுபாட்டை மாத்திரம் எழுதி வைக்கின்றன. எனவே, தொகுப்பவர் காட்சியின் நடுவே ஓரிடத்தைத் தொட்டால், கணினி பின்னோக்கிச் சென்று முழுப் படத்தைக் கண்டெடுத்து, அங்கிருந்து கணக்கிட்டுக்கொண்டு வரவேண்டும். சிறிய கோப்பு கணினிக்குச் சிறிய வேலை என்று எண்ணுதல் தவறு. எச்.265 கோப்பு, அளவிற் சிறியது. விரித்தெடுக்கும் உழைப்பிலோ எச்.264ஐ விடக் கடியது.

கணினியின் உறுப்புக்களை ஆராயுமுன் ஓர் உவமை கூறுவேன். வன்னிப் பெருநிலத்துக் குளங்களை நேயர்கள் அறிவீர்கள். குளம் நிறைந்திருப்பினும், துருசு சிறிதாயின் வயலுக்கு வேண்டிய நீர் பாயாது. துருசைப் பெரிதாக்கியும் வாய்க்கால் தூர்ந்திருப்பின் பயனில்லை. கணினியும் அத்தகையதே. ஒரே உறுப்பிற் பணமனைத்தையும் கொட்டுதல், தூர்ந்த வாய்க்காலுக்குப் பெருந்துருசு வைத்தலை ஒக்கும்.

முதலாவது உறுப்பு முறைவழியாக்கி. வீட்டுத் தொகுப்புக்கு ஆறு அல்லது எட்டுக் கருக்கள் கொண்டது போதுமானது. மேற்சொன்ன சுருக்கத்தை விரிப்பதற்கென்றே தனிச் சுற்று ஒன்று அதிலுண்டா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். இன்ரெல் நிறுவனம் 2011ஆம் ஆண்டு முதல் தன் முறைவழியாக்கிகளின் உள்ளமைந்த வரைவியற் பகுதியில் இச்சுற்றை அமைத்து வருகின்றது. ஆனால், பெயரின் இறுதியில் எவ் என்னும் ஆங்கில எழுத்தைத் தாங்கிவரும் இன்ரெல் வகைகளில் அப்பகுதி இயங்காது. விலை சற்றுக் குறைவென்று அதை வாங்கியவர், அவ்வுதவியை வரைவியல் அட்டையிடமே எதிர்பார்க்க வேண்டியவராவார்.

இரண்டாவது, வரைவியல் அட்டை. கடைக்காரர் முதலிற் காட்டுவதும், இளைஞர் மனத்தைக் கவர்வதும் இதுவே. வெட்டி ஒட்டி, பெயரெழுத்துச் சேர்க்கும் அளவிலான வேலைக்கு உள்ளமைந்த வரைவியலே பெரும்பாலும் போதும். நிறந்திருத்தம், இரைச்சல் நீக்கம் முதலியவற்றை மிகுதியாகச் செய்வோர்க்கே தனியட்டை இன்றியமையாதது. பயன்படுத்தும் மென்பொருளையும் இதில் நோக்கவேண்டும். டாவின்சி றிசோல்வ் வரைவியல் அட்டையைப் பெரிதும் நம்பியிருப்பது. கேடென்லைவ், ஷொட்கட் போன்ற இலவச மென்பொருள்கள் முறைவழியாக்கியையே மிகுதியும் நம்பியிருப்பவை. ஆகவே, மென்பொருளைத் தெரிந்த பின்பே கணினியைத் தெரிதல் முறை.

மூன்றாவது, நினைவகம். உயர்தெளிவுக் காட்சிக்கு 16 கிகாபைற்று, நான்கு-கே காட்சிக்கு 32 கிகாபைற்று எனக் கொள்ளலாம். பின்னர் கூட்டிக்கொள்ள இடமுண்டா என்பதைக் கட்டாயம் வினவுங்கள். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றிலும், அப்பிள் நிறுவனத்தின் எம் வரிசை மடிக்கணினிகளிலும் வாங்கிய நாளில் இருந்ததே இறுதிவரை இருக்கும்.

நான்காவது, சேமிப்பகம். தொகுப்பு மென்பொருளையும் அன்றாட வேலையையும் எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் வைத்தல் நன்று. ஆயினும் அதிவேக வகைக்கே பெரும்பணம் கொடுக்கவேண்டியதில்லை. செக்கனுக்கு 100 மெகாபிற்று வீதத்திற் பதிந்த காட்சிக்குத் தேவைப்படும் வேகம் 12½ மெகாபைற்றே. சாதாரண எஸ்.எஸ்.டி. 500 மெகாபைற்றைத் தரவல்லது. முடிந்த வேலைகளைச் சேர்த்து வைக்கச் சுழலும் வன்தட்டே மலிவும் போதுமானதும் ஆகும்.

மடிக்கணினியா, மேசைக்கணினியா என்று கேட்பீர்கள். ஒரே விலையில் மேசைக்கணினி கூடிய வலுவைத் தரும். பழுதுற்ற உறுப்பை மாற்றலாம். நம் நாட்டு வெப்பத்தில் நீண்ட நேரம் உழைக்கும். மடிக்கணினியோ சூடேறியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால், மின்சாரம் நின்றாலும் அது நில்லாது. 2022ஆம் ஆண்டிலே நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட காலத்தை நாம் மறந்துவிடவில்லை. மேசைக்கணினி வாங்குவோர் யூ.பி.எஸ். என்னும் தடையிலா மின்கருவியையும் உடன் வாங்குதல் வேண்டும்.

வசதி குறைந்தோர் மனந்தளர வேண்டாம். பழைய கணினியிலும் தொகுக்க ஒரு வழியுண்டு. மூலக் காட்சிகளுக்குச் சிறிய அளவிலான பதிலிகளை மென்பொருளைக் கொண்டே ஆக்குவித்து, அவற்றை வைத்துத் தொகுத்து, இறுதி வெளியீட்டுக்கு மாத்திரம் மூலக் காட்சிகளைப் பயன்படுத்தலாம். வெளியீட்டுக்கு இரவு முழுவதும் செல்லக்கூடும், செல்லட்டுமே! மாணவனுக்கு வேண்டியது கைப்பழக்கம். அது பழைய கணினியிலும் கைகூடும்.

இனி, யான் மிக வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. எனக்குத் தெரிந்த குடும்பமொன்றில், பேரனொருவன் தன் பாட்டனாரைப் பல நாள் இருத்தி, ஊர்க்கதைகளையும் கோயிற் பாடல்களையும் பதிந்து வைத்தான். அனைத்தும் ஒரே வன்தட்டில் இருந்தன. அது ஒருநாள் கைதவறி வீழ்ந்தது. பாட்டனார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். கணினியை மீண்டும் வாங்கலாம். அக்குரலை எந்தக் கடையில் வாங்குவது? வரைவியல் அட்டைக்குக் கொடுத்த பணத்தில் ஒரு சிறு பங்கு இரண்டாவது வன்தட்டுக்குச் சென்றிருந்தால், அக்குரல் இன்று அவ்வீட்டில் ஒலித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே, பெற்றோர்க்கு யான் கூறும் ஒழுங்கு இது. கையிலுள்ள பணத்திற் பத்திலொரு பங்கை இரண்டாம் பிரதிக்கென முதலில் எடுத்து வையுங்கள். மூலக் காட்சிகளை ஈரிடத்தில் வைத்து, பெறுமதி வாய்ந்தவற்றின் மூன்றாவது பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள். எஞ்சிய பணத்தை உறுப்புக்களிடையே அளவறிந்து பகிருங்கள். கடைக்குச் செல்லும்போது பிள்ளை பதிந்த காட்சியொன்றைக் கொண்டுசென்று, அவன் பயன்படுத்தப்போகும் மென்பொருளிலேயே ஓட்டிக் காட்டுமாறு கேளுங்கள். தடையின்றி ஓடினால், அதனினும் விலைகூடியதை நாடவேண்டிய அவசியமில்லை.

விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பர் நம் முன்னோர். செய்யப்போகும் வேலையை அறிந்து வாங்கும் கணினியே நல்ல கணினி.