பல்வலிக்குப் பணம் கட்டும் முன்

பல்வலி ராத்திரியில்தான் உயிரை வாங்கும். படுத்தால் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடும், வலியும் கூடும். விடிந்ததும், கண்ணில் பட்ட தனியார் பல் கிளினிக்குக்கு ஓடுகிறோம். எக்ஸ்ரே, வேர் சிகிச்சை, மேலே கேப் என்று ஒரு பல்லுக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. தொகையைக் கேட்டதும் கூலி வேலைக்குப் போகிறவர், "வேண்டாம் டாக்டர், பிடுங்கிடுங்க" என்கிறார். காப்பாற்றக்கூடிய பல், காசில்லாத குறைக்காகப் போய்விடுகிறது.

இதில் அவசர வேலையையும் மீதிச் சிகிச்சையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சொத்தை உள்ளே இறங்கி நரம்பைத் தொட்டதால் வந்த வலி இது. பல்லைத் திறந்து, சீழ் இருந்தால் வெளியேற்றி, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைப்பதுதான் அவசர வேலை. வேறு வழியில்லை என்றால் அதற்கு மட்டும் தனியாரிடம் பணம் கட்டுங்கள். எக்ஸ்ரேயையும், என்ன செய்தார்கள் என்ற சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மீதிச் சிகிச்சையை அரசு மருத்துவமனையில் தொடர முடியுமா என்று விசாரியுங்கள். ஆனால் வலி நின்றுவிட்டதே என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். நரம்பு செத்தாலும் வலி நிற்கும். கிருமி உள்ளேயே இருக்கும்.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. வட்ட மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் பல் டாக்டர் இருக்கிறார். சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. பல் கல்லூரிகளில் வேர் சிகிச்சைக்கென்றே தனித்துறை இயங்குகிறது.

பல்வலியோடு தாடைக்கடியில் வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம். இவற்றில் எது வந்தாலும் கிளினிக் தேடி அலையக் கூடாது. 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பல்லில் தொடங்கிய கிருமி கழுத்துக்கு இறங்கி மூச்சுக்குழாயை நெருக்கினால் உயிருக்கே ஆபத்து. மருந்துக்கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை இதற்கு வைத்தியம் ஆகாது.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம் என்றாலும், ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்பவருக்கு அன்றைய கூலி போகிறது. வேர் சிகிச்சைக்குப் பல தடவை வர வேண்டியிருந்தால் அத்தனை நாள் கூலியும் போகும். ஏழைகள் கடன் வாங்கியாவது தனியாரிடம் போவதற்கு இதுவும் ஒரு காரணம். கூலி போகாமலிருக்க எல்லா வட்ட மருத்துவமனைகளிலும் மாலை நேரப் பல் சிகிச்சை வேண்டும். அரசு இதைச் செய்ய வேண்டும். ஊர்தோறும் மக்கள் இதைக் கேட்க வேண்டும். கிராம சபை கூடும்போது உங்கள் ஊரின் கோரிக்கையாக இதை எழுதிக் கொடுங்கள்.