சேமிப்பு போயிற்று, அரசும் சாய்ந்தது



பகைவர் படையெடுப்பால் அரசுகள் வீழ்வதுண்டு. பகைவர் எவரும் வாராமலே, மக்களின் சேமிப்பு பறிபோனமையால் அரசே செயலிழந்த ஒரு நாட்டின் வரலாற்றை இன்று எடுத்துரைக்க விழைகின்றோம். அந்நாடு, இத்தாலிக்கு எதிர்க்கரையில் உள்ள அல்பேனியா.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே பொதுவுடைமைக் கட்சி ஆண்டது. 1985இல் மறையும்வரை என்வர் ஹோஜா நாட்டின் கதவுகளை அடைத்தே வைத்திருந்தார். சொந்தமாக மோட்டார் வண்டி வைத்துக்கொள்ளவும் மக்களுக்கு உரிமை இல்லை. 1992இல் சாலி பெரிஷா அதிபரானார். அக்காலத்தில் மக்கள் இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் சென்று, கூலி வேலை செய்து பணம் அனுப்பினர். அதை எங்கே வைப்பது? வங்கிகளோ வலுவற்றவை.

வேஃபா, ஜாலித்சா, சூதே, ஜாஃபேரி முதலிய நிறுவனங்கள் இவ்வாறுதான் தழைத்தன. மாதத்துக்கு நூற்றுக்கு 8 வட்டி என்றனர். 1996 நவம்பரில் போட்டி முற்றி, மூன்று மாதத்தில் மும்மடங்கு என்றார் ஒருவர். இரண்டே மாதத்தில் இருமடங்கு என்றார் மற்றவர். சிலருக்குக் கடைகளும் தொழில்களும் இருந்தன என்பது மெய்யே. ஆயினும் அத்துணை வட்டியை எத்தொழில் ஈட்டித் தரும்? இன்று பணம் போட்டவரின் காசே நேற்றுப் போட்டவருக்கு வட்டியாயிற்று. புதியவர் வரவு குறைந்தால் எல்லாம் நின்றுவிடும்.

உழவர் கால்நடைகளை விற்றனர். நகரத்தார் வீடுகளை விற்றனர். மக்களில் மூன்றில் இரு பங்கினர் பணம் போட்டனர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணிப்பு. நிறுவனங்களின் கடன், நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் ஏறத்தாழப் பாதியாயிற்று. நிதியமும் உலக வங்கியும் எச்சரித்தும், அதிபர் அந்நிறுவனங்களுக்கு ஆதரவாகப் பேசினார். இதனை மக்களின் பேராசை என்று மட்டும் பழிப்போரை நாம் ஏற்க மாட்டோம். ஆள்வோரே நன்று என்றால் எளியவர் எங்ஙனம் ஐயுறுவர்?

1997 ஜனவரியில் சூதே நொடித்தது. பிப்ரவரியில் துறைமுக நகரான வ்லோராவில் ஜாலித்சாவும் வீழ, மக்கள் தெருவில் திரண்டனர். மார்ச் 2ஆம் நாள் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மறுநாளே நாடாளுமன்றம் பெரிஷாவை மீண்டும் அதிபராகத் தேர்ந்தது. எரிகின்ற தீயில் நெய் வார்த்த செயல் அது! தென்பகுதியில் காவலர் மறைந்தனர். படைவீரர் சீருடை களைந்து வீடு திரும்பினர். படைக்கலக் கிடங்குகள் சூறையாடப்பட்டு, ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் மக்கள் கைக்குச் சென்றன. பணம் கேட்டு எழுந்தவரும் கொள்ளையரும் ஒருங்கே ஆயுதம் ஏந்தினர். 2,000 பேர்வரை மாண்டனர்.

மார்ச் 28ஆம் நாள், பன்னாட்டுப் படை செல்ல ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு மன்றம் இசைந்தது. அதே நாளில், இத்தாலிக்குத் தப்பியோடிய மக்களை ஏற்றிய கலம் ஒன்று இத்தாலியக் கடற்படைக் கப்பலுடன் மோதி மூழ்க, 80க்கும் மேற்பட்டோர் கடலில் மடிந்தனர். ஏப்ரலில் இத்தாலியின் தலைமையில் படை வந்திறங்கியது. ஜூன் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்க, ஜூலையில் பெரிஷா பதவி துறந்தார். புதிய அரசு நிறுவனங்களின் சொத்துகளைக் கணக்கெடுத்தது. பணம் போட்டவர்களுக்குக் கிடைத்ததோ மிகச் சிறு பகுதியே. துப்பாக்கிகள் பல ஆண்டுகள் வீடுகளிலேயே இருந்தன.