பாலம் கட்டும் படை



நமது கரமனைப் பாலம் உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில், 1853ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. பணியை மேற்பார்த்த ஹார்ஸ்லி என்பார் சென்னை இராணுவப் பொறியாளர். போர்த்தொழில் பயின்ற அயலார் ஒருவர் இவ்வூருக்கு விட்டுச் சென்றது கோட்டையன்று, பாலம். நாகர்கோவில் சாலை வழியே பிழைப்பு நாடி வந்த நம்மவரும் இவ்வாற்றைக் கடந்தே நகருள் புகுந்தனர்.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் இலங்கையைச் சிதைத்தது. சாலைகள் அறுந்தன, பாலங்கள் வீழ்ந்தன. நம் அரசு 'சாகர் பந்து' என்னும் பெயரில் உதவி அனுப்பிற்று. கிளிநொச்சி மாவட்டத்தில் நம் இராணுவப் பொறியாளர் அமைத்த 120 அடிப் பெய்லி பாலம் டிசம்பர் 23இல் திறக்கப்பட்டது. அதன் எடை 110 டன். சரக்குக் கணக்கு எழுதும் இரயில்வே எழுத்தனாகிய எனக்கு அது ஏறக்குறைய இரண்டு சரக்குப் பெட்டிகளின் பாரம். அத்தனையும் வானூர்தியிற் சென்றது!

பெய்லி பாலம் இரண்டாம் உலகப் போரிற் பிறந்தது. ஆறு பேர் தூக்கத்தக்க இரும்புச் சட்டங்களை ஒன்றோடொன்று பூட்டி, இக்கரையினின்றே அக்கரைக்குத் தள்ளுவர். 2024இல் வயநாட்டுச் சூரல்மலையில், நிலச்சரிவு நேர்ந்த மூன்றாம் நாளிலேயே, 190 அடிப் பாலத்தைச் சென்னைப் பொறியாளர் படையினர் இவ்வாறே முடித்தனர்.

அன்பர்களே, ஒன்றை மறைத்தல் ஆகாது. 1987 முதல் 1990 வரை அதே ஈழ மண்ணில் நம் படை அமைதியின் பெயரால் நின்றது. ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய வீரர் மாண்டனர். தமிழ்ப் பொதுமக்களும் பலர் மடிந்தனர். அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. ஒரு பாலம் அதனை ஆற்றிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும், துப்பாக்கியோடு சென்றபோது பெறாத நம்பிக்கையைத் திருகுசாவியோடு செல்பவன் சிறிது சிறிதாகப் பெறக்கூடும். அதற்கு நெறிகள் மூன்று: அழைத்தால் செல்லுதல்; அவ்வூரார் வேண்டியதைச் செய்தல்; முடிந்ததும் திரும்புதல்.

நம் பிள்ளைகளுள் படையிற் சேர விழைவோர் உண்டு. பகைவனை வெல்லுதல் மட்டுமே வீரமன்று. அறுந்த கரைகளை இணைத்தலும் வீரமே என்று அவர்களுக்குச் சொல்லுவோம். அயலூரில் வாழ வந்த நமக்குப் பாலத்தின் அருமை தெரியும்.

வாழிய செந்தமிழ்!