கடைசி வண்டி



கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை செல்லும் பெருந்தெருவின் நீளம் 321 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்து முனையிலிருந்து புறப்பட்டு, அதனைத் துவிச்சக்கர வண்டியில் ஐந்து நாட்களிற் கடந்துவிடுவது என்று 2014 ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் நாங்கள் ஒன்பது ஆசிரியர்கள் தீர்மானித்தோம். அவற்றுள் முதல் நாளைப் பற்றி மட்டுமே இன்று பேசப் போகிறேன். மற்றைய நான்கு நாட்களும் ஒழுங்காகக் கழிந்தன. அவை ஒழுங்காகக் கழிந்ததற்குக் காரணமும் அந்த முதல் நாளேதான்.

வடபகுதியில் வாழ்ந்தவர்களுக்குத் துவிச்சக்கர வண்டி ஓர் உல்லாசப் பொருளன்று. 1990 ஆம் ஆண்டுக்குப் பின் எரிபொருள் வராது நின்ற காலத்தில் நெல்மூடை, விறகு, நோயாளி, மணப்பெண் எல்லாம் அதன்மீதே சென்றன. ஆகவே சைக்கிள் ஓட்டத்தில் எங்களுக்கு யாரும் பாடம் சொல்லவேண்டியதில்லை என்ற எண்ணம் எங்களுக்கு இருந்தது. எனக்குச் சற்று அதிகமாகவே இருந்தது. பிரயாணத் திட்டத்தை வகுத்தவன் நான். எந்த இடத்தை எத்தனை மணிக்கு அடைவது என்று, பாடசாலை நேரசூசி போலவே ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். பம், ஒட்டுப்போடும் சாமான்கள், குறடு, மேலதிக ரியூப் இரண்டு ஆகியவை அடங்கிய பையும் என் கரியரிலேயே இருந்தது. தலைவன் என்றால் எல்லாம் தலைவனிடத்தில் இருக்கவேண்டும் என்பது அன்றைய என் நினைப்பு.

எங்களுள் மூத்தவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். வயது அறுபத்துமூன்று. நானும் வேறு இருவரும் அவரிடம் கேத்திரகணிதம் படித்தவர்கள். தம்மையும் சேர்த்துக்கொள்ளும்படி அவர் கேட்டபோது மறுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. ‘சேர் வந்தால் நேரம் பிந்தும்’ என்று தனியே என்னிடம் சொன்னவர்களும் உண்டு.

வைகறை ஐந்து மணிக்கு யாழ்ப்பாணத்தை விட்டோம். நாவற்குழிப் பாலத்தில் கிழக்கு வெளுத்தது. சாவகச்சேரியைக் கடந்து கொடிகாமத்தில் தேநீர் அருந்தும்வரை பிரயாணம் சுகமாகவே இருந்தது. அதன் பிறகுதான் சோழகக் காற்று தன் வேலையைத் தொடங்கிற்று.

காற்றைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். முன்னே செல்பவனை ஒட்டி ஒரு சில்லளவு தூரத்திற் பின்தொடர்ந்து செல்பவனுக்கு உழைப்பிற் கால்பங்குவரை மிச்சப்படும். எதிர்க்காற்றில் இதனை எவனும் தானாகவே கண்டுகொள்வான். பக்கக் காற்றிலோ கணக்கு வேறு. கொடிகாமத்திலிருந்து தெரு தென்கிழக்கே செல்கிறது. காற்றோ தென்மேற்கிலிருந்து, அதாவது வலப்புறத்திலிருந்து அடிக்கிறது. அப்பொழுது ஒதுக்கு இருப்பது நேர் பின்னால் அன்று; இடப்புறமாகச் சரிந்த பின்பக்கத்தில். நம் நாட்டில் வாகனங்கள் தெருவின் இடப்புறமாகச் செல்பவை. ஆதலால் இரண்டு மூன்று பேர் சரிந்து நின்றதும் தெரு முடிந்துவிடும். நாலாவது ஆளுக்கும் அவனுக்குப் பின்வருபவர்களுக்கும் முழுக்காற்று. கடைசியில் வருபவன் தனியே மிதிப்பவனிலும் பார்க்கச் சிறிதும் சுகப்படுவதில்லை. முன்னே போகும் வலியவன் இதனை அறியமாட்டான். நானும் அறியவில்லை. இளைஞர் இருவரோடு பேச்சுச் சுவாரசியத்தில் வேகமாக மிதித்துக்கொண்டிருந்தேன்.

எழுதுமட்டுவாள் கழிந்து முகமாலை வந்தது. அந்தக் காலத்தில் அவ்வழியே சென்றவர்களுக்கு அந்த இடம் நினைவிருக்கும். ஷெல் வீச்சில் தலையிழந்த பனைகள் வரிசை வரிசையாக நின்றன. தெருவோரத்திற் கபாலப் படம் பொறித்த சிவப்புப் பலகைகள். அவற்றுக்கு அப்பால் கண்ணிவெடி. நாங்கள் பேச்சை நிறுத்தி, அந்த இடத்தை விரைவாகக் கடந்து, எட்டேகால் மணிக்குப் பளையை அடைந்தோம். தாளிற் குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டதை நான் பெருமையோடு சொன்னேன். பிறகு ஆட்களை எண்ணினோம். எட்டுப் பேர்.

பத்து நிமிடம் பார்த்தோம். இருபது நிமிடம் பார்த்தோம். சேரிடம் கைத்தொலைபேசி இல்லை. அவரைக் கடைசியாகக் கண்டது எவ்விடத்தில் என்று கேட்டபோது ஒருவர் மிருசுவில் என்றார், மற்றொருவர் எழுதுமட்டுவாள் என்றார். எட்டுப் பேரில் ஒருவராவது திரும்பிப் பார்க்கவில்லை என்பது அப்பொழுதுதான் வெளிப்பட்டது. நான் வண்டியைத் திருப்பினேன்.

முகமாலைத் தெருவோரத்தில், தாரின் விளிம்பை விட்டு ஓர் அடிகூட விலகாமல், அவர் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். பின் ரயரிற் காற்றுப் போயிருந்தது. அதன்மேல் ஏறி மிதித்தால் ரியூப் கிழிந்துவிடும் என்று நடந்திருக்கிறார். ஒரு மைலுக்கு மேல் நடந்தாயிற்று. இருபது யார் தொலைவில் ஒரு வேம்பு நல்ல நிழலோடு நின்றது. ஆனால் அதற்கும் தெருவுக்கும் இடையில் ஒரு சிவப்புப் பலகை. வெயிலில் நிற்கவும் முடியாது, நிழலுக்குப் போகவும் முடியாது. சட்டை முழுதும் நனைந்திருந்தது.

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. “சேர், கூப்பிட்டிருக்கலாமே” என்றேன். எவ்வளவு மடத்தனமான பேச்சு!

“கூப்பிட்டேன். காற்று எதிர்ப்பக்கம் கொண்டுபோய்விட்டது” என்றார். பிறகு என் கரியரைப் பார்த்து, “தம்பி, பம் உம்முடைய பையில் அல்லவோ இருக்கிறது” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பறையிலும் அவர் அப்படித்தான். பிழைக்குக் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டுக் கொப்பியைத் திருப்பித் தந்துவிடுவார்.

தெருவிலேயே குந்தியிருந்து ஒட்டுப் போட்டோம். ரயரிற் குத்தியிருந்தது ஒரு சிறு கம்பித்துண்டு. பளைக்கு வந்தபோது மணி பத்தாகிவிட்டது.

அங்கே இன்னொரு சங்கடம் காத்திருந்தது. கொழும்பிலிருந்து வரும் புகையிரதம் அவ்வாண்டு மார்ச் மாதத்தில்தான் பளையை எட்டியிருந்தது. யாழ்ப்பாணத்தை ஒக்ரோபரில்தான் அடைந்தது. சேரையும் வண்டியையும் பளையிற் புகையிரதத்தில் ஏற்றிக் கிளிநொச்சியில் இறக்கிவிடலாம் என்று இளைஞர்கள் பேசி வைத்திருந்தார்கள். அவர்கள் சொன்னதிற் கொடுமை ஒன்றும் இல்லை. ஆனையிறவு இனிமேல்தான் வரவிருந்தது. பொழுது ஏற ஏறச் சோழகமும் ஏறும். உண்மையைச் சொன்னால், எனக்கும் பாதி மனம் அதிலே இருந்தது. குற்றம் செய்தவனுக்குக் குற்றத்தின் சாட்சி கண்முன் இல்லாதிருந்தால் ஆறுதல்தானே.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “ஏறச் சொன்னால் ஏறுகிறேன்” என்றார். சிறிது நேரம் கழித்து, “1995 இல் இதே வண்டியின் கரியரில் அம்மாவை இருத்தி நாவற்குழியால் உருட்டிக்கொண்டு வந்தேன். ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு. அவ்வளவு சனத்துக்குள்ளும் யாருமே எங்களை முந்தவில்லை. முந்த இடமும் இருக்கவில்லை” என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த இரவை அறியாதவர்கள் எங்கள் ஒன்பது பேரில் இல்லை. வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்த இரவு அது. இளைஞர்கள் என்று நான் சொன்னவர்களும் அன்று பெற்றோரின் வண்டிகளில் வந்த சிறுவர்கள்தான். புகையிரதப் பேச்சு அதனோடு நின்றது.

நேரசூசியைக் கிழித்தெறிந்தேன் என்று சொன்னால் கதைக்கு அழகாயிருக்கும். ஆனால் நான் அதை மடித்துப் பைக்குள் வைத்தேன். சாமான் பையை, எங்களில் மிக வலியவரான உடற்பயிற்சி ஆசிரியரிடம் கொடுத்து, அவரையே எல்லாருக்கும் கடைசியாக வரச்செய்தோம். சேரை இரண்டாவது இடத்தில் விட்டோம். முன்னே செல்பவர் ஒவ்வொரு கிலோமீற்றர்க் கல்லிலும் மாறுவது. சேர் மட்டும் மாறுவதில்லை. வேகத்தை அவர் சொல்வது.

இயக்கச்சி கழியும்வரை தென்னந்தோப்புகள் காற்றை ஓரளவு மறித்தன. ஆனையிறவில் மறைப்பென்று ஒரு புல்லும் இல்லை. இருபுறமும் வற்றிய கடல்நீரேரி. சேற்றின்மேல் உப்புப் பூத்து வெயிலிற் கண்ணைக் கூசிற்று. தெரு தெற்கே திரும்புவதால், பக்கத்தில் அடித்த காற்று இப்போது முகத்தில் அடித்தது. நடக்கிற ஒருவர் எங்களோடு பேசிக்கொண்டே வந்திருக்கலாம். அவ்வளவுதான் எங்கள் வேகம். என் முறை வந்தபோது எனக்குப் பின்னால் அவருடைய செயின் ‘கிறீச் கிறீச்’ என்று ஒலித்துக்கொண்டே வந்தது. அந்த ஒலி சற்றுத் தூரமானால் மிதிப்பைக் குறைப்பேன். கிட்ட வந்தால் கூட்டுவேன். திரும்பிப் பார்க்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

பரந்தனில் இளநீர் குடித்தோம். கிளிநொச்சியை அடைந்தபோது பிற்பகல் இரண்டேமுக்கால். தாளின்படி பதினொன்றரைக்கு அடைந்திருக்க வேண்டும். எங்களுக்குச் சமைத்து வைத்திருந்த நண்பரின் மனைவி சோற்றை இரண்டாம் முறை சூடாக்கவேண்டியதாயிற்று. அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டவனும் நான்தான்.

மறுநாட் காலையில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, எல்லாரும் செய்வதுபோலக் கச்சான் வாங்கிக்கொண்டோம். புறப்படும்போது சாமான் பையை இன்று யார் கொண்டுவருவது என்ற கேள்வி எழுந்தது. நான் அதை வாங்கி என் கரியரிற் கட்டிக்கொண்டு, எட்டு வண்டிகளும் தெருவில் ஏறும்வரை காத்து நின்றேன். சேரின் செயினுக்கு யாரோ இரவில் எண்ணெய் விட்டிருந்தார்கள்.