ஆளில்லாப் பொறியின் பதிவேடு

மகாவலியின் கிளையொன்று வெருகல் ஆறு என்னும் பெயரோடு கிழக்குக் கடலிற் கலக்கிறது. 2011 ஜனவரிப் பெருமழையிற் கிழக்கு மாகாணம் வெள்ளக்காடானதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாற்றங்கரையில் நீர்மட்டம் அளக்கும் பொறியொன்றை நாட்டுவதாக வைத்துக்கொள்வோம். அருகே காவலாள் இல்லை. எந்த மட்டத்தைச் சுழியாகக் கொள்வது, எவ்வுயரத்தில் எச்சரிப்பது என்பன அதனுள்ளே எழுதப்பட்டிருக்கும். அவற்றுள் ஓர் எண் பிறழுமாயின், வெள்ளம் வாசற்படி ஏறிய பின்னரும் பொறி வாய் திறவாது.

இக்குறிப்புகள் அடங்கிய ஏட்டையே அமைப்புப் பதிவேடு என்பர். 1996இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் சிறு பொறிகளுக்கென வெளியிட்ட விண்டோஸ் சி.ஈ. என்னும் இயங்குதளம், தொடக்கத்தில் இவ்வேட்டை மின்சாரம் உள்ளவரை மட்டுமே நிலைக்கும் நினைவகத்தில் வைத்திருந்தது. மின்கலம் தீர்ந்தால் ஏடும் மறையும். பின்னர் அழியா நினைவகத்திற் கோப்பாக எழுதும் முறை வந்தது. ஆயின், எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுவிட்டால்? பாதி பழையது, பாதி புதியது. முழுவதும் அழிந்த ஏட்டைவிட இது கொடியது. பார்வைக்குச் சரியானதுபோல் இருக்குமல்லவா?

வங்கிகளின் பணம் வழங்கும் பொறிகள் பலவற்றில் நெடுநாள் இயங்கிய விண்டோஸ் எக்ஸ்பி எம்பெடட் இதற்கு ஓர் உபாயம் வைத்திருந்தது. நெற்களஞ்சியத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர், எழுதத் தொடங்குமுன் ஏட்டின் தலையில் ஒரு வரிசையெண் இடுகிறார். எழுதி முடித்ததும் அதே எண்ணைக் காலிலும் இடுகிறார். மறுநாள் தலையும் காலும் ஒவ்வாவிடில், நடுவில் விளக்கு அணைந்தது என்று அறியலாம். அப்பதிவேட்டின் முகப்பிலும் இவ்வாறே இரண்டு வரிசையெண்கள் உண்டு. மாற்றங்களை முதலிற் குறிப்பேடொன்றில் எழுதிக்கொண்ட பின்னரே மூலத்தைத் தொடுவதால், எண்கள் ஒவ்வாதபோது குறிப்பேட்டைக் கொண்டு மூலத்தைத் திருத்திவிடலாம்.

மேலும், முகப்பிலுள்ள 127 எண்களை ஒருவகைக் கணக்கினால் ஒன்றாகக் கோத்து, விடையை 128ஆம் இடத்தில் வைப்பர். பொறி விழிக்கும்போது மீண்டும் கோத்துப் பார்க்கும். விடை மாறினால் முகப்புப் பழுது. ஆனால் இக்கணக்கு முகப்பை மட்டுமே காக்கிறது. உள்ளே ஓர் எண் சிதைந்தால் இதற்குத் தெரியாது. தவிரவும், வேண்டுமென்றே ஏட்டைத் திருத்துபவன் விடையையும் திருத்திவிடுவான். செல்லரித்ததைக் காட்டுமே தவிர, இது கள்வனைத் தடுக்கும் பூட்டன்று.

எல்லாம் பழுதானால் என்செய்வது? விண்டோஸ் சி.ஈ.யில் மாற்றவொண்ணாத நினைவகத்தில் தொழிற்சாலைப் பிரதியொன்று உண்டு. பொறி அதனைக்கொண்டு எழும். ஆனால் வெருகல் ஆற்றின் சுழிமட்டம் அப்பிரதியில் இராது. ஆதலின், நம் பொறி எழுந்தவுடன் நீரை அளக்குமுன், தான் மறந்த செய்தியை அலுவலகத்துக்கு அறிவிக்குமாறு அமைத்தல் வேண்டும்.