குழந்தைகளை மறவாத தூரன்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

சற்று முன்னர் இம்மேடையில் நம் பிள்ளைகள் நாடகம் ஆடினர். கண்டு மகிழ்ந்தோம், கை தட்டினோம். ஆயினும் ஒத்திகையின்போது கண்ட ஒன்றை மறைத்தல் ஆகாது. பிள்ளைகள் கையில் வைத்திருந்த தாள்களில் தமிழ் வசனம் இருந்தது. தமிழ் எழுத்து இல்லை. சிலர் ஆங்கில எழுத்திலும், சிலர் தேவநாகரியிலும் எழுதி வைத்து மனப்பாடம் செய்தனர். குற்றம் அவர்களுடையதன்று. தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்குச் செல்லும் குழந்தை தமிழ் எழுதுகிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டு, வீட்டில் ஒரு தமிழ்ப் புத்தகமும் வாங்கி வைக்காதவர் நாமே. அன்றிரவு எமக்கு நினைவில் வந்தவர் பெரியசாமித் தூரன்.

கச்சேரி கேட்போர் அவரை அறிவர். அறுநூறு அளவிலான இசைப் பாடல்களை இயற்றியவர் அவர். பாடலாசிரியர் என்ற அளவிலேயே நாமும் அவரை நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அது அவரில் ஒரு பங்குதான்.

1908-ஆம் ஆண்டில் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிப் பகுதியில், மஞ்சக்காட்டுவலசு என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்திற் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். 1931-இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்ட செய்தி வந்தபோது, பட்டத் தேர்வு எழுத மறுத்தார். பட்டத்தின் அருமை, மெட்ரிகுலேஷனோடு நின்று குமாஸ்தா வேலைக்கு வந்த எம் போன்றோர்க்கு நன்கு தெரியும். அதனை ஒருவர் தாமே விடுத்தார் என்பது எளிய செயலன்று. பின்னர்க் கோவை இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராய் இருந்தார். குழந்தையின் மனத்தை அறிந்தது அங்கேதான் என்று நாம் கருதுகிறோம். பாரதியாரின் எழுத்துகளைத் தேடித் தொகுத்ததும், நாடகங்கள் எழுதியதும் அவர் செய்த பிற பணிகள். ‘காதலும் கடமையும்’, ‘மனக்குகை’ முதலியன அவருடைய நாடகங்கள்.

தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்துக்குத் தூரன் 1948-இல் முதன்மைப் பதிப்பாசிரியர் ஆனார். உலக அறிவனைத்தையும் அகர வரிசையில் தமிழிலே தரும் வேலை. துறைதோறும் அறிஞரைத் தேடிக் கட்டுரை பெறவேண்டும். தமிழில் இல்லாத சொல்லுக்குச் சொல் காணவேண்டும். முதல் தொகுதி 1954-இலும், பத்தாவது தொகுதி 1968-இலும் வெளிவந்தன. அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் கிடைத்தது. அறுபது வயது. வேறொருவராயின் ஓய்ந்து அமர்ந்திருப்பார்.

அவரோ அதே 1968-இல் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியைக் கொணர்ந்தார்! பெரியோர்க்கு எழுதியதைச் சுருக்கினால் சிறுவர்க்கு ஆகிவிடும் என்று அவர் எண்ணவில்லை. படங்களுடன், எளிய நடையில், தனியே பத்துத் தொகுதிகள். 1976 வரை எட்டு ஆண்டுகள் உழைத்தார். பெரியோர்க்குப் பத்து, பிள்ளைகளுக்கும் பத்து. இந்தச் சமன்பாடு எம்மை நெகிழச் செய்கிறது. நம்மில் எத்தனை பேர் தீபாவளிக்குத் துணி எடுக்கும்போதன்றி, மற்ற நாளில் பிள்ளைக்கும் தமக்கும் ஒரே அளவு செலவிடுகிறோம்?

இதனோடு கதைகள் வேறு. ‘சூரப்புலி’ என்பது ஒரு நாயின் கதை. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா, குழந்தைகளே. ‘கொல்லிமலைக் குள்ளன்’, ‘சங்ககிரிக் கோட்டையின் மர்மம்’, ‘தரங்கம்பாடித் தங்கப் புதையல்’ என்ற தலைப்புகளைச் சற்றே கவனியுங்கள். புதையலுக்கும் மர்மத்துக்கும் அவர் அயல்நாடு செல்லவில்லை. கோடை விடுமுறையில் சேலம் வழியாக ஊருக்குப் போகும் நம் பிள்ளை, சங்ககிரி நிலையப் பலகையைக் கண்டு, “அப்பா, கோட்டை எங்கே?” என்று கேட்க இடமுண்டு. ஆனால் அப்பலகையில் உள்ள தமிழை அது படிக்கவேண்டுமே! ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதியிருப்பதால் ஊர் தெரிந்துவிடும், கதை தெரியாது.

தூரன் 1987-ஆம் ஆண்டு ஜனவரியில் மறைந்தார். கலைக்களஞ்சியத் தொகுதிகளை இன்று இணையத்திலே காசின்றிப் படிக்கலாம். கைப்பேசி இல்லாத வீடு நம் காலனியில் இல்லை.

எனவே சங்கத்தார் முன் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு நாடகத்துக்கு ஆறு மாதம் முன்பே பிள்ளைகளைச் சேர்ப்போம். ஞாயிறுதோறும் மாலை ஒரு மணி நேரம், முதலில் எழுத்து, பின்னர் ‘சூரப்புலி’. ஓய்வு நாள் உள்ளவர் முறை வைத்து வரலாம். இரவு வேலை இல்லாத ஞாயிறுகளில் யாம் வருகிறோம். வசனத் தாளைத் தமிழில் மட்டுமே எழுதிக் கொடுப்போம். பெயர் கொடுக்க விரும்பும் பெற்றோர்க்கு வாயிலருகே ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். முதற் பெயராக எம் இளைய மகளின் பெயரை எழுதிவிட்டோம். அவளும் ஆங்கில எழுத்தில் வசனம் வைத்திருந்தவர்களுள் ஒருத்தி.