கருமாதிக்குப் பிறகு யார் வருவார்?

(கிளிநொச்சி சென்று திரும்பிய மாதர் அணியினர் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் என்ன செய்யவேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. தப்புச் சத்தம் கேட்டதும் லயமே கூடிவிடும். மரணாதார சங்கம் பெட்டிக்கும் பந்தலுக்கும் பணம் கொடுக்கும். இளைஞர்கள் குழி வெட்டப் போவார்கள். கருமாதி வரை பக்கத்து வீடுகளிலிருந்து சோறும் தேத்தண்ணியும் வரும். அதற்குப் பிறகு? கணவனை இழந்தவள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறாள். நிரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்கிறார்கள். ஆனால் இறந்தவனின் பெயரை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் அழுவாள் என்று நமக்குப் பயம்.

இந்தக் கேள்வியோடுதான் வன்னிக்குப் போனோம். வன்னி நமக்கு அந்நிய மண் அல்ல. 1958, 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு லயங்களை விட்டு ஓடிய நமது மக்கள் பலர், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். 2009 மே மாதம் முடிந்த போரில் அவர்களின் பிள்ளைகளும் மாண்டார்கள், காணாமலும் போனார்கள்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாக, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்பது உண்மையும் நீதியும். எந்த ஆறுதலும் அதற்கு மாற்று ஆகாது. ஆனால் பதில் வரும்வரை அந்தத் தாய்மார் தனியாகக் கிடக்கவேண்டும் என்றில்லை.

நாங்கள் போன ஒரு வீட்டில் ஓர் அம்மா மகனின் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். உடல் இல்லை, அதனால் காரியமும் இல்லை. செத்துவிட்டான் என்று சொல்ல நாங்கள் யார்? வந்துவிடுவான் என்றும் சொல்ல முடியாது. பிள்ளை சின்ன வயதில் எப்படி இருந்தான் என்று மட்டும் கேட்டோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். இடையில் சிரிக்கவும் செய்தார். படிவம் நிரப்ப வந்தவர்கள் எல்லாரும் காணாமல் போன திகதியைத்தான் கேட்டார்களாம். பிள்ளையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையாம்.

இந்தத் துயரம் மலைநாட்டுக்கும் தெரியும். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோது, பலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை.

கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பயிற்சியும் பொறுமையும் போதும். இங்கிலாந்தில் 1959 இல் விதவைகளுக்காகத் தொடங்கிய குரூஸ் என்ற அமைப்பில், துக்கத்தில் இருக்கும் எவருக்கும் இன்று பயிற்சி பெற்ற தொண்டர்களே துணை நிற்கிறார்கள். சென்னையில் சினேகா அமைப்பின் தொண்டர்கள் சுனாமியில் உறவுகளை இழந்தவர்களுக்குத் துணையாக நின்றார்கள். அதனால் அவர்களின் மனச்சோர்வு குறைந்ததை ஆய்வும் காட்டியது. நமது நாட்டில் சுமித்ரயோ தொண்டர்கள் 1974 முதல் மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்டுவருகிறார்கள்.

நாமும் தொடங்குவோம். ஒவ்வொரு டிவிசனிலும் இரண்டு பேர் பெயர் கொடுங்கள். இருவராகவே போகவேண்டும். அழாதே என்று சொல்லக்கூடாது. விதி என்றும் சொல்லக்கூடாது. இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசலாம். அங்கே கேட்டது பீலிக்கரைக்கு வரக்கூடாது. சங்க அரசியலும் சந்தாவும் அந்த வாசலுக்கு வெளியே நிற்கட்டும். சாப்பாடும் தூக்கமும் விட்டுப்போனவரை, சாவைப் பற்றிப் பேசுபவரைத் தனியே விடாதீர்கள். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். போய்வருகிறவர்களும் மாதம் ஒருமுறை கூடி, தங்கள் பாரத்தை இறக்கிவைக்கவேண்டும்.

மரணாதார சங்கத்தின் புத்தகத்தில் பெட்டிச் செலவும் பந்தல் செலவும் எழுதுகிறோம். இனி அதன் கீழே மூன்று திகதிகளையும் எழுதுவோம்: மூன்றாம் மாதம், முதல் தீபாவளி, முதல் ஆண்டு. அந்த நாட்களில் அந்த வீட்டுக்குப் போக நம்மில் இருவர் இருக்கவேண்டும்.